நான் குடித்த வண்டு

வண்டு என்னைக் கடித்துவிட்டது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்கூட, "எந்த எடத்துலங்க கடிச்சிச்சு?" என்று கேட்டிருக்கிறார்கள். வண்டு என்னைக் கடிக்கவில்லை. நான்தான் வண்டைக் குடித்தேன். வறுத்து, இடித்து, கருப்பட்டி போட்ட வெந்நீரில் கலக்கி ஒரு கோப்பை முழுவதும் குடித்தேன். அதன் பிறகு என் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்பதை இன்று உட்கார்ந்து எழுத முடிகிறது. அந்த நாட்களில் நான் பிழைப்பேன் என்று என் வீட்டுக்காரருக்கு நம்பிக்கை இல்லை. டொக்டருக்கும் அவ்வளவாக இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மாத்தளைப் பக்கம், யட்டவத்தைக்கு மேலே மிளகும் கொக்கோவும் கொஞ்சம் தேயிலையும் உள்ள ஒரு தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தாய்மார் காலையில் மலைக்கு ஏறுமுன் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் பொழுதுபட்ட பிறகும் என்னை அந்தக் காம்பராவிலிருந்து கிளப்புவது மற்றவர்களுக்குப் பெரிய வேலையாக இருக்கும்.

ஒரு மத்தியானம். பிள்ளைகள் தொட்டில்களில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெட்டை நாய் வாசற்படி ஏறி உள்ளே வந்தது. அது யாருடைய நாயும் இல்லை. பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. வாயோரம் எச்சில் வழிந்தது. தூக்கம் கலைந்து தரையில் தவழ்ந்துகொண்டிருந்த ஒரு குழந்தை அதைப் பார்த்துச் சிரித்தபடி கையை நீட்டியது. நான் நடுவில் பாய்ந்தேன். குழந்தையைத் தூக்கிவிட்டேன். நாய் என் கெண்டைக்காலைக் கவ்விவிட்டு ஓடிவிட்டது.

தோட்டத்து டிஸ்பென்சரியில் காயத்தைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவிக் கட்டிவிட்டார்கள். "காலையில மொத பஸ்ஸுல மாத்தளைக்குப் போயி ஊசி போட்டுக்கங்க" என்றார்கள். அன்று மாலையே போக வழியில்லை. யுத்த காலம். பொழுது சாய்ந்தால் கீழே ரோட்டுத் தடையை மூடிவிடுவார்கள். மூடிய பிறகு தமிழர்கள் அந்தப் பக்கம் நடமாடுவதை யாரும் விரும்பமாட்டார்கள், நாங்களும் விரும்பமாட்டோம். என் வீட்டுக்காரர் முத்துராஜ் லொறி ஓட்டுகிறவர். அன்று மரக்கறி ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போயிருந்தார். விடிந்தால்தான் வருவார்.

எனக்கு இருந்த துணை பாக்கியம் மதினி. என் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் தனியாக இருந்தார். புருஷன் இறந்து பல காலம். சிவா என்று ஒரே மகன் இருந்தான். பள்ளிக்கூடம் போகிற வயதில் அவனை ஒரு நாய் கீறிவிட்டது. சின்னக் கீறல்தானே என்று யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் குடிக்கக் கொடுத்த தண்ணீரைக் கண்டு அலறினான். அதோடு முடிந்தது. நான் மருமகளாக வருவதற்கு முன்பே இதெல்லாம் நடந்துவிட்டது. அவனுடைய பெயரை மதினி வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அந்தச் சாவு வீட்டில் யாரோ ஒருவர், நாய் கீறிய அன்றே வண்டுப்பொடி கொடுத்திருந்தால் பிள்ளை பிழைத்திருப்பான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஒரு வார்த்தையை மதினி இத்தனை வருஷமும் நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை கோப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தவமணி என்ற என் பெயரை வீட்டில் தவம் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஊசி நாளைக்குத்தானே தவம்? அதுவரைக்கும் அந்த வெசம் சும்மா இருக்குமா? இத குடிச்சிரு தாயி. நாளைக்கி ஊசியும் போட்டுக்க. ரெண்டும் இருக்கட்டும்."

"என்னங்க மதினி இது?"

"வண்டு. நம்ம வெண்டிக்கா பூவுல உக்காரும்ல, கறுப்புல செவப்புப் பட்ட போட்டது. அதான். ஊருலருந்து வந்தவங்க எல்லாம் இதத்தான் குடுப்பாங்க."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. காலையில் ஊசி கிடைக்கும் என்று தெரிந்தாலும் இடையில் ஓர் இரவு இருந்தது. குடித்தேன். கருப்பட்டி இனிப்புக்குப் பின்னால் நாக்கு சுருக்கென்றது. நான் கடைசி மிடறு விழுங்கும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்த மதினி, அப்போதுதான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

விடிவதற்குள் வாயெல்லாம் கொப்புளித்துவிட்டது. நாக்கு, அண்ணம், தொண்டை எல்லாம் கொதி எண்ணெய் பட்டதுபோல் இருந்தது. அடிவயிற்றில் நெருப்பு. சிறுநீர் சொட்டுச் சொட்டாக, இரத்தமாக வந்தது. எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது என் நெஞ்சுதான். தோட்டத்துப் பழைய ஜெனரேட்டர் ஓடும்போது தரையோடு சேர்ந்து கதவு ஜன்னலும் அதிருமே, அப்படி இருந்தது. ஓடி வந்தவளுக்கு நெஞ்சு அடித்தால் சற்று உட்கார்ந்ததும் ஆறும். இது ஆறவே இல்லை. நான் படுத்துக்கிடந்தேன், அது ஓடிக்கொண்டிருந்தது.

முத்துராஜ் லொறியை நிறுத்தியதும் மதினி ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்தார். வெறும் லொறியின் முன்சீற்றில் என்னை நடுவில் வைத்து இருவரும் அணைத்துக்கொண்டு மாத்தளைக்குக் கொண்டுபோனார்கள். ரோட்டுத் தடையில் இராணுவத்தான் என் வாயைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் குறுக்கு மரத்தைத் தூக்கினான்.

ஆஸ்பத்திரியில் என் வாயைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான். மருந்து குடித்துவிட்டாள். எங்கள் பக்கம் மருந்து குடிப்பது என்றால் பூச்சிமருந்து குடிப்பது. புருஷனோடு சண்டையா என்று ஒருவர் சிங்களத்தில் கேட்டார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனால் நாக்கை அசைக்க முடியவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

வாட்டுக்குப் பொறுப்பான டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த மனிதர், பேச்சு மெதுவாக வரும். அவர் குனிந்து, "என்ன குடிச்சனீங்கள் அம்மா? ஒளிக்காமச் சொல்லுங்கோ. நான் ஏச மாட்டன்" என்றார்.

நான் வாயைக் காட்டினேன். அதற்குள் மதினி முன்னால் வந்துவிட்டார்.

"நாந்தாங்க குடுத்தேன். நாய் கடிச்சிருச்சுன்னு குடுத்தேன். வண்டுப்பொடி."

"என்ன வண்டு?"

"வெண்டிக்கா பூவுல இருக்கிற வண்டுங்க. கறுப்பு, செவப்பு."

"வேற ஏதும் கலந்தனீங்களோ? எட்டிக்கொட்டை, ஊமத்தை அப்படி?"

"இல்லீங்க சாமி. கருப்பட்டி மட்டுந்தான்."

டொக்டர் என் வீட்டுக்காரரை வெளியே கூட்டிப்போய், அந்த வண்டைத் தான் கண்ணால் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார். எந்த வண்டு என்று உறுதியாகத் தெரியாமல் மேற்கொண்டு முடிவெடுக்க அவருக்கு மனமில்லை. முத்துராஜ் என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் லொறியைத் திருப்பிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்.

கெண்டைக்காலைச் சுத்தம் செய்து நாய்க்கடி ஊசியையும் அன்றே தொடங்கினார்கள். ஒரு கையில் சேலைன் ஏறியது. சிறுநீர் போக ஒரு குழாய் வைத்தார்கள். நெஞ்சில் வயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயம் அடிக்கும்போது எழும் சின்ன மின்சாரத்தைக் காகிதத்தில் கோடாக வரையும் மெஷின் அது. காகிதத்தைக் கையில் பிடித்துப் பார்த்த டொக்டர், இதயத்தை மெதுவாக்க ஒரு மருந்து கொடுக்கச் சொன்னார். நான் விழுங்க முடியாததால் அதையும் ஊசியாகத்தான் போட்டார்கள். நான் காத்திருந்தேன். இப்போது இறங்கும், இப்போது இறங்கும் என்று. கொஞ்சம் இறங்கியது. அதற்குமேல் இறங்க மறுத்தது.

நண்பகலுக்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பொலிஸ்காரர் வந்தார். நஞ்சு என்றால் அவர்கள் விசாரிக்க வேண்டும், அது சட்டம். கட்டிலருகே நின்று மதினியிடம் அடையாள அட்டையைக் கேட்டார். மதினியிடம் இல்லை. அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர்தான். அட்டைக்கு எழுதிக்கொடுத்தது எப்போதோ, வந்தபாடில்லை. அட்டை இல்லாத ஒரு தமிழ்ப் பெண், தம்பி மனைவிக்குத் தன் கையால் நஞ்சு கொடுத்திருக்கிறாள். அந்தக் காலத்தில் இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

"ஸ்டேஷனுக்கு வரவேண்டியிருக்கும்" என்றார் சிங்களத்தில்.

மதினிக்கு ஸ்டேஷன் என்ற சொல் மட்டும் புரிந்தது. "வரேங்க. இவ கண்ண நல்லாத் தொறக்கட்டும், நானே வரேன்" என்று கையைக் கூப்பினார்.

என்னால் பேச முடியவில்லை. சேலைன் ஏறாத கையால் மதினியின் மணிக்கட்டைப் பிடித்து என் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு பொலிஸ்காரரைப் பார்த்தேன். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது. ஆனால் உள்ளே இதயம் பாய்ந்தது. கண் இருண்டது. நாடியைப் பிடித்த நர்ஸ் மிஸ் திரும்பி, "மஹத்தயா, பஸ்ஸே எண்ட!" என்று அவரைப் பிறகு வரச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டார். அந்தப் பொலிஸ்காரரும் கெட்டவர் இல்லை. போகும்போது தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நடந்தார்.

ஆனால் மதினி அதைப் பார்த்துவிட்டார். தான் பக்கத்தில் இருந்ததால்தான் எனக்கு இப்படி ஆனது என்று நினைத்து, வெளியே போய் விறாந்தையின் வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். எத்தனை பேர் சொல்லியும் உள்ளே வரவில்லை.

முத்துராஜ் திரும்பி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. கையில் ஒரு ஜாம் போத்தல். மூடியில் ஆணியால் துளை போட்டிருந்தது. உள்ளே ஒரு வெண்டைப்பூவும் அதன்மேல் ஒரு வண்டும். நடந்ததை அவர் எனக்கு உடனே சொல்லவில்லை, பயந்துவிடுவேன் என்று. நான் தேறிய பிறகுதான் சொன்னார்.

"ரெண்டு வண்டு புடிச்சிக்கிட்டு வந்தேன் தவம். தடையில நிப்பாட்டிட்டாங்க. காலையில இருந்தவங்க இல்ல, வேற ஆளுங்க. போத்தல்ல என்னான்னு கேட்டான். குருமிணியா, வண்டுன்னு சொன்னேன். சிரிச்சான். அப்பறம் மூஞ்சி மாறிருச்சு. ஒருத்தன் வண்டப் புடிச்சிக்கிட்டு லொறியில மாத்தளைக்குப் போறான்னா யாரு நம்புவா? வெயில்ல ரொம்ப நேரம் நிக்க வச்சிட்டாங்க. லொறி பூரா தேடுனாங்க. கடைசில போத்தலத் தொறன்னான். தொறந்தேன். ஒண்ணு பறந்துபோயிருச்சு."

"அப்புறம்?"

"அப்பத்தான் எனக்கு அழுக வந்துருச்சு. பொஞ்சாதி ஆஸ்பத்திரில கெடக்கா, டொக்டர் இதத்தான் கேட்டாருன்னு சிங்களத்துல கத்துனேன். மத்ததும் போத்தல் வாய்க்கி ஏறிருச்சு. ஒரு பொடியன், மீசகூட சரியா மொளைக்கல, தொப்பியக் கழட்டி அமுக்கிப் புடிச்சிட்டான். மத்த ரெண்டு பேரும் தொவக்க முதுகுல போட்டுக்கிட்டுப் பறந்துபோனதத் தேடுறாங்க, குனிஞ்சு குனிஞ்சு, புல்லுக்குள்ள. கெடைக்கல. அந்தப் பொடியன் சொன்னான், கையால தொடாதீங்க, கொப்பளிக்கும், எங்க வயல்லயும் இருக்குன்னு. போத்தல நல்லா மூடிக் குடுத்துட்டு, நோனாவுக்கு நல்லாயிருமான்னு கேட்டான்."

டொக்டர் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கண்டியில் பூச்சிகளைப் பற்றிப் படிப்பிக்கிற ஒருவருக்கு டெலிபோன் எடுத்துப் பட்டைகளையும் கால்களையும் விவரித்துக் கேட்டார். அது கொப்புள வண்டுதான் என்று உறுதியானது. அதன் உடம்பில் கந்தாரிடின் என்ற நஞ்சு இருக்கிறதாம். பிறகு அவர் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். அது டொக்டர்கள் செய்கிற காரியம் அல்ல. நான் பேச முடியாதவள்தான், ஆனால் கேட்கக்கூடியவள் என்பதை அவர் மறக்கவில்லை.

"உங்கட நெஞ்சு ஏன் ஆறுதில்லை எண்டு சொல்லட்டோ? தெரிஞ்சால் பயம் குறையும்" என்றார்.

என் நெற்றியைக் காட்டினார். வீட்டிலிருந்து வரும்போதே மதினி அங்கே ஒரு ஒட்டுப்பொட்டை வைத்துவிட்டிருந்தார்.

"பயம் வந்தால், கோவம் வந்தால், உடம்பு அட்ரினலின் எண்டொரு சாமானை இரத்தத்தில விடும். அது வந்து இதயத் தசையின்ர ஒவ்வொரு கலத்தின்ர வெளிக்கதவிலயும் தட்டும். தட்டின உடனை உள்ளுக்கை ஒரு கூட்டம் எழும்பி, அங்க இருக்கிற புரதங்களில பொஸ்பேற் எண்ட சின்னத் துண்டுகளை ஒட்டத் தொடங்கும். இந்தப் பொட்டு மாதிரி எண்டு வையுங்கோ. பொட்டு ஒட்டின புரதம் உசாராகும். கல்சியம் கூடுதலா உள்ளுக்கை வரும். தசை இறுக்கிப் பிடிச்சு, கெதியா அடிக்கும். ஓடவேணும், தப்பவேணும் எண்டால் அது தேவை."

முத்துராஜ் என் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பயம் போனாப்பிறகு அந்தப் பொட்டுகளைக் கழட்ட வேற ஒரு கூட்டம் இருக்கு. பொஸ்பற்றேஸ் எண்டு பேர். அவை கழட்டினாத்தான் இதயம் ஆறும். ஒட்டுறதும் கழட்டுறதும் எந்த நேரமும் நடந்துகொண்டே இருக்கும். இந்த வண்டின்ர நஞ்சு என்ன செய்யுதெண்டால், கழட்டுற ஆக்களின்ர கையைக் கட்டிப்போடுது. பொட்டு ஒட்டினது ஒட்டினபடியே கிடக்கும். கொஞ்சம் அட்ரினலின் வந்தாலே போதும், கனக்க வந்த மாதிரி."

"அப்ப நீங்க போட்ட ஊசிங்க?" என்று முத்துராஜ் கேட்டார்.

"அது வெளிக்கதவைப் பூட்டுற மருந்து. இனி வந்து தட்டினாலும் உள்ளுக்கை கேக்காது. ஆனால் ஏற்கெனவே ஒட்டினது உள்ளுக்கைதானே? நஞ்சு வேலை செய்யிறதும் கதவுக்கு உள்ளுக்கைதான். அதுதான் மருந்து அரைவாசி வேலை செய்யுது." முத்துராஜைப் பார்த்துச் சொன்னார்: "ஒண்டு சொல்லவேணும். இது ஆய்வுகூடத்தில, சின்ன விலங்குகளின்ர இதயத் தசையைக் கிண்ணத்தில வைச்சுப் பாத்த விஷயம். மனுசற்ற நெஞ்சிலயும் அச்சொட்டா இப்பிடித்தான் எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன். ஆனால் இவவின்ர நாடி அப்பிடித்தான் சொல்லுது."

"மாத்து மருந்து இருக்குங்களா?"

"இல்லை. நஞ்சு சிறுநீரோட தானாப் போகவேணும். சிறுநீரகம் அதுவரைக்கும் தாங்கவேணும். எங்கட கையில இருக்கிறது ஒண்டுதான். புதுசாப் பொட்டு ஒட்டாமப் பாக்கிறது. இவவுக்குப் பயம் வரக்கூடாது, கவலை வரக்கூடாது." எழுந்தவர் வாசல் பக்கம் பார்த்தார். "வெளியில இருக்கிற அக்காவை உள்ளுக்கை வரச் சொல்லுங்கோ. இவ அவவைத்தான் தேடுறா. கண் போற இடத்தைப் பாருங்கோ."

உண்மைதான். மதினி வெளியே போனதிலிருந்து நான் விறாந்தைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதினி வந்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். டொக்டர் அவரிடம், "அழுறதெண்டால் வெளியில போய் அழுதுட்டு வாங்கோ. இங்க உங்களுக்கு ஒரு வேலை இருக்கு. இவவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு ஏதாவது கதைச்சுக்கொண்டிருங்கோ. நல்ல கதையா" என்றார். மதினி மூக்கைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்சநேரம் வெண்டைச் செடியைத் திட்டினார். பிறகு, தானாகவே, அந்தப் பெயர் வந்தது.

"சிவாப் பயலுக்கு லொறின்னா உசுரு தெரியுமா? சத்தத்த வச்சே சொல்லிப்புடுவான், இது கொழுந்து லொறி, இது ஒன் வீட்டுக்காரரு லொறின்னு. மாமா வண்டி வருதும்பான். நான் நம்ப மாட்டேன். பாத்தா வளைவுல வந்து நிக்கும்."

அவனைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவன் செத்த விதம் மட்டும்தான். அந்த வாட்டில்தான் அவன் எனக்கு உயிரோடு கிடைத்தான். கொக்கோப் பழத்தைத் திருடித் தின்றுவிட்டு வாயைத் துடைக்க மறந்து வந்தது, சாமி கும்பிடும்போது ஒரு கண்ணை மட்டும் மூடுவது, பள்ளிக்கூடத்துக்கு ஒரு தவளையைப் பையில் போட்டுக் கொண்டுபோனது. மதினி சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வாய் வலித்தது. சிரிக்காமலும் இருக்க முடியவில்லை. நாடி பார்க்க வந்த நர்ஸ் மிஸ், மதினியைப் பார்த்து, அப்படியே தொடர்ந்து பேசு என்று கையால் சைகை காட்டிவிட்டுப் போனார்.

எல்லாம் அப்படியே நேராகப் போய்விடவில்லை. இடையில் ஒரு நாள் வெளி ரோட்டில் லொறி டயர் ஒன்று வெடித்தது. டயர் என்று பிறகுதான் தெரியும். அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரே ஒரு வெடிச்சத்தம்தான் தெரியும். நடக்கக்கூடிய நோயாளிகள் எல்லோரும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டார்கள். வயர்களும் குழாய்களுமாகக் கிடந்த என்னால் அசைய முடியவில்லை. மதினி என்மேல் அப்படியே கவிழ்ந்து என் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். சத்தம் அடங்கி, டயர் என்று தெரிந்து, எல்லோரும் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு கட்டில்களில் ஏறினார்கள். அவர்களுடைய நெஞ்சு ஆறிவிட்டது. என்னுடையது ஆறவில்லை. மத்தியானச் சோறு வந்து, எல்லோரும் சாப்பிட்டு, தட்டுகளைக் கழுவிக் கொண்டுபோன பிறகும் அது ஓடிக்கொண்டே இருந்தது. பொட்டைக் கழட்டுகிறவர்களின் கை கட்டப்பட்டிருக்கிறது என்று டொக்டர் சொன்னதன் பொருள் எனக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது. பயம் போய்விட்டது என்று என் மனதுக்குத் தெரியும். இதயத்துக்கு அதை யாரும் போய்ச் சொல்ல முடியவில்லை.

அன்று மாலை சிறுநீர் மிகவும் குறைந்தது. இரத்தத்தைச் சுத்திகரிக்கும் மெஷினுக்காகக் கண்டிக்கு அனுப்ப நேரலாம் என்று டொக்டர் முத்துராஜிடம் சொன்னார். முத்துராஜ் என்னிடம் வந்து, "கண்டிக்கி ஒரு சுத்து சுத்திட்டு வரலாமா? நீதான் எந்நேரமும் கேப்பியே" என்றார். சிரித்த முகமாகத்தான் சொன்னார். ஆனால் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

கண்டிக்குப் போகவேண்டி வரவில்லை. சிறுநீர் மெல்ல மெல்ல வரத் தொடங்கியது. பையிலிருந்த சிவப்பு வெளுத்து, பிளேன்டீ நிறத்துக்கு வந்து, ஒரு காலையில் வெறும் மஞ்சளாக இருந்தது. மதினி அந்தப் பையைப் பார்த்துக் கும்பிட்டார். வாட்டில் இருந்த சிங்களப் பெண்கள் சிரித்தார்கள், ஒருத்தி தானும் கும்பிட்டாள். அதற்கு அடுத்த ஈ.சி.ஜி.யில் கோடுகளுக்கு நடுவில் இடைவெளி விழுந்திருந்தது. டொக்டர் காகிதத்தை என் கண்முன்னால் பிடித்து அந்த வெற்றிடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இதுதான் ஓய்வு. உங்கட இதயம் இப்ப இளைப்பாறுது."

தொண்டை விழுங்கத் தொடங்கியதும் கஞ்சி கொடுக்கலாம் என்றார்கள். பாலும் எண்ணெயும் கூடாது. இந்த நஞ்சு கொழுப்பில் கரைந்து இன்னும் உடம்பில் ஏறிவிடுமாம். தேங்காய்ப்பால் விடாத கஞ்சியை மதினி கஞ்சி என்றே ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் குழைய வேகவைத்த, உப்புக்கூடப் போடாத அந்தக் கஞ்சியை ஒவ்வொரு கரண்டியாக ஊதி ஊதி ஊட்டினார். எங்கள் லயத்துப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு அந்தக் கஞ்சியை வீட்டிலிருந்து அனுப்பினார்கள். பிள்ளைக்காம்பராவில் நான் இல்லாமல் குழந்தைகள் தூங்க மாட்டேன் என்கிறார்கள் என்றும் சொல்லி அனுப்பினார்கள். அது பொய்யாக இருக்கலாம். எனக்கு நல்லதாக இருந்தது.

என் முதல் முழு வாக்கியம், "மதினிய ஸ்டேஷனுக்கு கூட்டிட்டுப் போகாதீங்க" என்பதுதான். பொலிஸ்காரர் மறுபடி வந்தபோது சிங்களத்தில் அவரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். சிவாவைப் பற்றியும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு மதினியைப் பார்த்தார். பிறகு தன் வேலையை முடித்துக்கொண்டு, இனி யாருக்கும் இதைக் கொடுக்கக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நாயைப் பற்றிய செய்தியை முத்துராஜ்தான் கொண்டுவந்தார். அது செத்துப்போகவில்லை. அதற்கு விசர் என்ற வெறிநோயும் இல்லை. பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த இடத்தில் குட்டி போட்டிருந்தது. யாரோ விறகு எடுக்கப் போய்க் குட்டிகளைக் கலைத்திருக்கிறார்கள். அந்த ஆத்திரத்தில்தான் உள்ளே ஏறி வந்திருக்கிறது.

"குட்டி போட்ட தாயா!" என்றார் மதினி. சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் தடவிக்கொண்டே இருந்தார். நாய்க்கு ஒன்றும் இல்லை என்றாலும் தொடங்கிய ஊசிகளை முடிக்கத்தான் வேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் மாதக்கணக்கில் மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கியது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். சத்த அலைகளை அனுப்பி இதயம் சுருங்குவதையும் விரிவதையும் படமாகக் காட்டும் சோதனை அது. தசை தப்பிவிட்டது என்றார்கள். எனக்கு மறுபிறப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. நான் பிழைத்ததைப் பார்த்த சிலர், அந்தப் பொடிதான் என்னை நாய்க்கடியிலிருந்து காப்பாற்றியது என்று பேசத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரியில் நடந்தது அவர்களுக்குத் தெரியாது. கடிபட்டவள் உயிரோடு நடக்கிறாளே, அது போதும்.

அப்படித்தான் அடுத்த வருஷம், மிளகு பறிக்கும் மாரிமுத்துவை ஒரு நாய் கையில் கடித்தபோது, அவன் நேரே மதினியின் வாசலுக்கு வந்தான்.

"அக்கா, தவமணி அக்காவுக்குக் குடுத்தீங்களே, அந்தப் பொடி கொஞ்சம்..."

மதினி அவன் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப்போய், சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினார். அவன் வலிக்கிறது என்று கத்தினான். விடவில்லை. மறுநாள் விடியற்காலையில், அவன் வேலைக்குப் போய்விடக்கூடும் என்று அவன் வாசலிலேயே போய் நின்றார். எனக்கும் அன்று நெஞ்சு கிளினிக் இருந்ததால் மூவரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம்.

தடையில் எல்லோரையும் இறக்கி அட்டையைக் கேட்டார்கள். மதினிக்கு அப்போதும் அட்டை வந்திருக்கவில்லை. அட்டை இல்லாதவர்கள் பஸ்ஸைவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். மதினி ஒதுங்கவில்லை. மாரிமுத்துவின் கட்டுப்போட்ட கையைத் தூக்கி இராணுவத்தானின் முகத்துக்கு நேரே காட்டி, தனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் சேர்த்து, "பல்லா கேவா! இஸ்பிரிதாலே! இக்மன்!" என்றார். நாய் கடித்தது, ஆஸ்பத்திரி, சீக்கிரம். அவன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் ஏறச் சொன்னான்.

மிளகு பறிக்க மரத்தின் உச்சிக்கு ஏறுகிற மாரிமுத்து, ஊசி அறையில் ஊசியைக் கண்டதும் வெளுத்துவிட்டான். அவனை மதினி வாங்கில் உட்காரவைத்தார். நல்ல கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டார்.

"கண்ண மூடிக்க தம்பி. தைரியமாப் போட்டுக்க" என்றார். "இது நான் குடுக்குற மருந்து இல்ல."